சும்மா பார்ப்பினம்

1

இந்தக் கொம்பனியில் எனக்குப் போன மாதத்தோடு ஐந்து வருடம். ஒரு தொப்பி தந்தார்கள். கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள். நானும் திரும்பினேன்.

விலை கூடின கார் விற்கிற இடம் இது. முன்பக்கம் விற்பார்கள். பின்பக்கம் திருத்துவார்கள். அதற்கும் பின்னால் கழுவுகிற இடம். அங்கேதான் நான். ஊரில் இருந்து போன் எடுக்கிறவர்கள், "கனடாவில கார்க் கொம்பனியில பெரிய வேலையாம்" என்பார்கள். கழுவுகிற வேலை என்று சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. திருகோணமலையில் இருந்து கார் கழுவுவதற்கு ஒருவன் இவ்வளவு தூரம் போவானா என்று கேட்டார்கள். போவான். நான் போனேன்.

என் வேலை அனுமதிப் பத்திரத்தில் இந்தக் கொம்பனியின் பெயர் இருக்கிறது. வேறு இடத்தில் ஒரு நாளும் வேலை செய்ய ஏலாது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கொம்பனி. மணிக்கு இரண்டு டொலர் கூடத் தருவதாக அவர்களே கேட்டார்கள். தெருவைக் கடக்க அரை நிமிடம் போதும். பத்திரத்தைக் கடக்க ஏலாது.

நிரந்தர வதிவிடத்துக்கு எழுதிப் போட்டோம். நான், மனைவி மேரி, மகள் ஷெரின், மூன்று பேருக்கும் ஒரே கோப்பு. அது திரும்பி வந்தது. அனுமதிப் பத்திரத்தில் என் வேலை "வாகனம் துப்புரவாக்குபவர்" என்று இருந்ததாம். கொம்பனி கொடுத்த கடிதத்தில் "வாகன அழகுபடுத்துநர்" என்று இருந்ததாம். இரண்டும் ஒரே வாளி, ஒரே துணி. குடிவரவுக் கந்தோருக்கு அது தெரியாது. புதுக் கடிதம் கொண்டுவர முப்பது நாள் தந்தார்கள். பிந்தினால் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் அனுமதிப் பத்திரமும் முடிந்துவிடும்.

கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவர் மனேஜர் லிண்டா. சத்தம் போடாத மனுசி. "இந்தக் கிழமை, அன்ரன்" என்பார். அடுத்த கிழமையும் அதையேதான் சொல்வார்.

2

இந்தத் தெருவில் இப்படி நாலு கொம்பனி. கார் கொண்டுபோய் விடவும், சாமான் எடுத்து வரவும் என்னை அனுப்புவார்கள். அதனால் நாலும் எனக்குத் தெரியும்.

எங்களுடைய இடத்தில் தோல் சோபா. கோப்பி போட ஒரு ஆள். அப்போதுதான் சுட்ட பணிஸ். கால் பிடித்துவிடுகிற கதிரை ஒன்று. உங்கள் கார் திருத்தி முடியும் வரைக்கும் ஓட வேறு கார் தருவார்கள், அதே மாதிரிப் புதிய கார். போகும்போது கழுவித் தருவார்கள். அது நான்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் இதே கார்தான், முதலாளி மட்டும் வேறு. அங்கே பிளாஸ்ரிக் கதிரை. மெசினில் கோப்பி, கடதாசிக் கப். மாற்றுக் கார் இல்லை, ஒரு வான் மட்டும் ரெயில் நிலையம் வரைக்கும் கொண்டுபோய் விடும். பனி கொட்டுகிற மாரியில் கழுவ மாட்டார்கள். ஆனால் இங்கே இருநூற்றறுபது டொலருக்கு மாற்றுகிற ஒயிலை அங்கே நூற்றெண்பதுக்கு மாற்றுவார்கள். ஒயில் ஒன்றுதான். ஒரே பவுசர் லொறி வந்து இரண்டு இடத்துக்கும் இறைத்துவிட்டுப் போகும். நான் பார்த்திருக்கிறேன்.

தெரு முடிவில் உள்ளவர்கள் முதல் நாலு வருடமும் ஒயிலுக்குக் காசு கேட்க மாட்டார்கள். கார் விலையிலேயே எடுத்திருப்பார்கள். குளிர்கால ரயரைத் தாங்களே வைத்துப் பாதுகாத்துத் தருவார்கள். ஆனால் வைப்பர் ஒரு சோடி வாங்கினால் உங்களுக்குத் தலை சுற்றும். நாலாவது கொம்பனி பிறந்தநாளுக்குப் பூ அனுப்பும், நத்தார்ப் பண்டிகைக்குக் குடை கொடுக்கும். அவர்களிடம் பிரேக் மாற்றினால் குடை ஏன் தந்தார்கள் என்று விளங்கும்.

கோப்பிக்குக் காசு இல்லை என்று சனம் இரண்டாவது கப்பும் எடுக்கும். அந்தக் கோப்பியின் காசு ஒயிலில் இருக்கிறது. சொல்வது என் வேலை இல்லை.

3

ஊரில் நான் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சேர்விஸ் ஸ்ரேசனில் வேலைக்கு நின்றனான். முதலாளி கிண்ணியா ஆள், காசிம் நானா. கந்தளாயில் இருந்து நெல்லு லொறி சேறோடு வரும். மீன் லொறி உப்போடு வரும். உப்பு சேற்றை விடக் கள்ளன், இருக்கிற இடம் தெரியாமல் தின்னும்.

நானாவிடம் விலை ஒன்றுதான், பலகையில் எழுதித் தொங்கும். ரயருக்குக் காற்று அடிக்கக் காசு இல்லை. ஒருவர் மனசு கேட்காமல் பத்து ரூபாய் நீட்டினார்.

"வைங்க உள்ளுக்கு," என்றார் நானா. "காத்து அல்லாஹ்ட. பைப்புத்தான் என்ட."

நல்ல மனுசன் என்று எழுதலாம். ஆனால் அதே நானாதான் கழிவு ஒயிலை லொறியின் அடியில் விசிறச் சொல்லித் தந்தார். விசிறினால் அடி கறுத்து மினுங்கும். கிறீஸ் அடித்த மாதிரி இருக்கும். சாரதி குனிந்து பார்த்து, "நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்பார். விசிறியது நான். அதனால் இங்கே நடப்பதைப் பார்த்து நான் நெஞ்சில் கைவைத்தவன் இல்லை.

4

இங்கே நடப்பது இது. எந்தக் கார் சேர்விஸுக்கு வந்தாலும் நாற்பது இடம் பார்த்துத் தருவார்கள். காசு இல்லை. ஒரு தாள் இருக்கிறது, நாற்பது கட்டம். பார்த்துப் பார்த்துச் சரி போட வேண்டும். வேலை கூடின நாளில் தாளை மட்டும் பார்த்துச் சரி போடுவார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கார் பிறகு என்னிடம்தான் வரும். சில்லைக் கழற்றாமல் பிரேக் பார்க்க ஏலாது. கழற்றியிருந்தால் நட்டில் ஊத்தை இருக்காது. எத்தனையோ காரில் ஊத்தை அப்படியே இருக்கும். தாளில் மட்டும் பிரேக் தேய்ந்திருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை முன்பக்கத்தில் இருந்து மார்க் கூப்பிட்டான். வாடிக்கையாளரோடு பேசி எழுதி எடுக்கிற ஆள் அவன். ஒரு கிழவருக்கு இங்கிலீசு போதாது, வந்து சொல்லு என்றான். கையைத் துடைத்துக்கொண்டு போனேன். எழுபத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்லையா. மகனின் காரைக் கொண்டுவந்திருந்தார்.

"தமிழோ?"

"ஓம் ஐயா."

"எவடம்?"

"திருகோணமலை."

"அட! நான் அங்க ஹாபரில கிரேன் ஓட்டினனான். இருபத்தாறு வருசம். உம்மட அப்பர் ஆர்?"

சொன்னேன். தெரியும் என்றார். தெரியாமலும் சொல்லியிருக்கலாம். மார்க் பேனாவைத் தட்டினான்.

"இவன் என்ன சொல்லுறான்?" என்று கேட்டார் ஐயா.

"நாப்பது இடம் பார்ப்பினமாம் ஐயா. பிரேக், ரயர், எல்லாம்."

"அதுக்கு எவ்வளவு?"

"அது சும்மா பார்ப்பினம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "சும்மாவோ?"

"ஓம் ஐயா. சும்மாதான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கச் சிரித்தார். "பரவாயில்லை, உண்மை சொல்லுற ஒருத்தனையும் வச்சிருக்கிறாங்கள்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

ஏன் சிரித்தார் என்று எனக்கு உடனேயே விளங்கியது. திருத்த நேரம் இருந்தது. திருத்தவில்லை. முதல் சொன்ன "சும்மா" விலையைச் சொன்னது. இரண்டாவது எதைச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

பின்னேரம் மார்க் தாளைக் காட்டினான். நாலு பிரேக்கும் போய்விட்டது, இரண்டாயிரத்து எண்ணூறு டொலர். ஐயா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். காரை நேரே எதிர்ப்பக்கத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் சில்லைக் கழற்றிப் பார்த்தார்கள். இன்னும் ஒரு மாரி ஓடும் என்றார்கள்.

5

வெள்ளிக்கிழமை அவருடைய மகன் வந்தான். நாற்பது வயதுக்காரன். கையில் போன வருடப் பில். அப்போதும் இந்த நாற்பது கட்டத்தை நம்பித்தான் பின் பிரேக் மாற்றினானாம். அந்தக் காசு திரும்ப வேண்டும் என்றான். இல்லாவிட்டால் எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதுவேன் என்றான்.

"உங்களுடைய ஆளே அப்பாவிடம் சொன்னான், நீங்கள் பார்க்கிற மாதிரி நடிக்கிறீர்கள் என்று."

லிண்டா என்னைக் கூப்பிட்டார். இருக்கச் சொன்னார். இந்த ஐந்து வருடத்தில் அந்த அறையில் நான் இருந்தது அதுதான் முதல் தடவை.

அப்படிச் சொன்னாயா என்று கேட்டார். "சும்மா" என்று சொன்னேன் என்றேன். அது என்ன என்று கேட்டார். காசு இல்லை என்றேன்.

"அப்படியென்றால் இது மொழியால் வந்த பிழை," என்றார் லிண்டா. "உன்னுடைய தமிழ் வேறு ஊர்த் தமிழாக இருக்கும். பிழையாகப் பேசிவிட்டாய். அதை எழுதிக் கொண்டு வா. செவ்வாய்க்கிழமை அவர்கள் வருகிறார்கள். உன் கடிதமும் இதோ மேசையில்தான் இருக்கிறது. மறக்கவில்லை."

கடிதத்தைத் தொட்டுக் காட்டினார். மிரட்டவில்லை. மிரட்டினால் கோபிக்கலாம். கந்தோர் தந்த முப்பது நாளில் எட்டு நாள் மிச்சம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஷெரினிடம் எழுதித் தரச் சொன்னேன். பதினாலு வயது. வந்தபோது ஒன்பது. இங்கே எங்கள் கடிதமெல்லாம் அவள்தான். எழுத்து அவளுடையது, கையெழுத்து என்னுடையது.

"ஈஸி அப்பா. சும்மா எண்டா ஃப்ரீ. முடிஞ்சுது."

"வேற கருத்தும் இருக்கு."

"என்ன?"

"மெய்யா இல்லாம. விளையாட்டுக்கு. சும்மா சொன்னனான் எண்டுறேல்லையே?"

அவள் யோசித்தாள். "அப்ப அம்மா சும்மா இரு, சும்மா இரு எண்டு கத்துறது?"

"அது வேற. வாயை மூடிக்கொண்டு இரு."

"நான் ஃப்ரீயா இருக்கச் சொல்லுறா எண்டு நினைச்சன்."

"அதுதானே ஒரு கோப்பை கழுவுறேல்லை!" என்றாள் மேரி, குசினிக்குள் இருந்து.

எல்லாரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு முழுதாக வரவில்லை. மூன்று கருத்தில் ஒன்றுதான் பிள்ளையோடு கப்பலேறி வந்திருக்கிறது.

ஷெரின் எழுதத் தொடங்கினாள். நிறுத்தினாள்.

"நீங்கள் அந்த ஐயாவுக்கு எந்த மீனிங்கில சொன்னனீங்கள்?"

"ஃப்ரீ எண்டு எழுது."

"எழுதுறதை நான் கேக்கேல்லை அப்பா."

மேரி குசினி வாசலில் வந்து நின்றாள். அவளுக்குக் கதை முழுதும் தெரியும். "பிள்ளை, அப்பா சொன்னதை எழுது," என்றாள். பிள்ளை எழுதியது. ஐந்து வரி. நான் தமிழைப் பிழையாகப் பேசியதால் வாடிக்கையாளர் பிழையாக விளங்கிக்கொண்டார் என்று இருந்தது. என் இங்கிலீசு பிழை என்று எத்தனையோ கந்தோரில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் தமிழ் பிழை என்று கையெழுத்து வைத்தது இதுதான் முதல். ஷெரின் பேனாவை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

6

கண்ணாடி அறை. லிண்டா, மார்க், நான். எதிரில் ஐயாவும் மகனும். கோப்பி போடுகிறவர் ஐந்து கோப்பி கொண்டுவந்து வைத்தார். எனக்கும் ஒன்று வந்தது. நான் தொடவில்லை.

லிண்டா என் ஐந்து வரியையும் வாசித்தார். பிறகு, "அவருக்கு நீயே தமிழில் சொல்லு" என்றார்.

ஐயாவைப் பார்த்தேன். முழுக்கை உடுப்பு, மேல் பொத்தான் வரைக்கும் பூட்டி இருந்தார்.

"ஐயா, நான் காசு இல்லை எண்டுதான் சொன்னனான். வேற ஒண்டும் இல்லை."

அவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார். ஈரமான சப்பாத்தைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குப் பேப்பர் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை ஐயா."

"பிள்ளையள்?"

"ஒண்டு. மகள்."

லிண்டா என்னைப் பார்த்தார். மார்க்கும் பார்த்தான். ஐயா மகன் பக்கம் திரும்பினார்.

"விடு தம்பி. எனக்குத்தான் காது மந்தம். இவர் ஃப்ரீ எண்டுதான் சொன்னவர்."

"என்னப்பா சொல்லுறீங்கள்? அண்டைக்கு வீட்டில சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனீங்கள்!"

"சொன்னனான். பிழையாச் சொன்னனான். கிரேன் சத்தத்தில போன காது."

"இவ்வளவு நாளும் இல்லாத மந்தமோ?"

"இண்டைக்குத்தான் வந்தது."

லிண்டா என் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

அவர் எனக்காகச் சொன்ன பொய்யை நானே இங்கிலீசில் சொல்ல வேண்டி வந்தது. தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையாம் என்றேன். மகன் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குச் சொல் இல்லை. அவனுடைய போன வருடக் காசு அந்த ஒரு வசனத்தோடு போனது. அந்தக் காசு அவனுக்குச் சேர வேண்டியது.

லிண்டாவின் முகம் தெளிந்தது. நல்லெண்ணத்துக்கு ஒரு வருடம் கார் கழுவித் தருகிறோம் என்றார். காசு இல்லை. ஒரு அட்டையும் நீட்டினார். நான் தமிழில் சொன்னேன்.

"கழுவுறது ஆர்?" என்று கேட்டார் ஐயா.

"நான்தான் ஐயா."

"அப்ப வேண்டாம் எண்டு சொல்லும்."

எழும்பினார். மகன் அதற்கு முன்னமே வெளியே போயிருந்தான். கதவடியில் ஐயாவிடம் ஏதாவது சொல்ல நினைத்தேன். மார்க் கிட்ட நின்றான். "படி இருக்கு, பார்த்துப் போங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

அன்று பின்னேரமே கடிதம் கிடைத்தது. "வாகனம் துப்புரவாக்குபவர்." எழுத்துக்கு எழுத்துச் சரி.

7

கடிதம் போய்ச் சேர்ந்தது. பதில் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரைக்கும் வேலை அனுமதியைப் புதுப்பித்தார்கள். அதே கொம்பனியின் பெயர். இரண்டு வருடம்.

லிண்டாவுக்கு ஒரு யோசனை வந்தது. இந்தப் பக்கம் தமிழர் நிறையக் கார் வாங்குகிறார்கள். இனிக் காலையில் நான் முன்பக்கத்தில் நின்று அவர்களோடு பேச வேண்டும், பின்னேரம் கழுவலாம். கொலர் வைத்த சட்டை இரண்டு தந்தார். வேலையின் பெயர் மாறுமா என்று கேட்டேன்.

"மாற்றினால் உன் கோப்பு மறுபடி திரும்பி வரும், அன்ரன். உனக்கு நல்லது இல்லை."

சம்பளத்தைக் கூட்டினாலும் கந்தோரில் கேள்வி வருமாம். அதுவும் எனக்கு நல்லது இல்லையாம். எல்லாம் என் நன்மைக்குத்தான்.

இனிப் பிழை வரக்கூடாது என்று தமிழில் ஒரு அட்டை அடித்தார்கள். "நாற்பது அம்ச இலவசப் பரிசோதனை" என்று இருக்கும். அதைத்தான் சொல்ல வேண்டும், சொந்தச் சொல் வேண்டாம் என்றார் லிண்டா. வீட்டில் ஷெரினிடம் அட்டையைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், மெல்ல வரும். வாசித்தாள்.

"இதுக்கு எத்தினை மீனிங்?"

"ஒண்டுதான்."

"அப்ப உங்களுக்கு ஈஸி," என்றாள்.

நேற்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தாள். முப்பது வயது இருக்கும். பின் சீற்றில் இன்னொரு சின்னப்பிள்ளை நித்திரை. மன்னார்ப் பக்கம் என்றாள். இங்கிலீசு நல்லாக வரும். ஆனாலும் என் பெயரைப் பார்த்துத் தமிழில் கதைத்தாள்.

"தங்கள் வாகனத்தில் நாற்பது அம்சங்களை இலவசமாகப் பரிசோதிப்பார்கள்," என்றேன்.

அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "என்ன அண்ணா, ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரி?"

"அப்பிடித்தான் சொல்லவேணும் தங்கச்சி."

"சரி. பிரேக் கொஞ்சம் சத்தம் போடுது. பிள்ளையளோட ஓடுறனான்." குரலைப் பதித்துக் கேட்டாள். "அண்ணா, மெய்யாப் பார்ப்பினமோ?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிண்டா போனில் கதைத்துக்கொண்டிருந்தார். மார்க் பக்கத்து மேசையில் இருந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் "சும்மா" என்கிற சொல் இப்போது இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

தாளை அவள் பக்கம் திருப்பினேன். பேனாவை அதன்மேல் வைத்தேன்.

"கையெழுத்து இதில தங்கச்சி."